கிழக்கு லிஃப்ட்

மார்ச் 4, செவ்வாய்
காலை 6.10

அக்கா,

இந்த வருடம் நீ எனக்கு எழுதிய கடிதங்கள் ஐந்து. நான் உனக்கு எழுதியது, இதையும் சேர்த்து, ஒன்று. கணக்கை நானே சொல்லிவிட்டேன், இனி நீ குத்திக்காட்ட வேண்டாம். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்கி இரண்டு பேரையும் திட்டுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 30-ம் தேதி உன் அலுவலகத்துப் பெரியவரின் நினைவுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். பேசுகிறேன். எனக்கும் மேடைக்கும் ஏழாம் பொருத்தம் என்பது உனக்குத் தெரியும். அவருடைய கட்சிக்கும் எனக்கும் எட்டாம் பொருத்தம். ஆனாலும் வருகிறேன். காரணம், அவருக்கு நான் எந்த விதத்திலும் கடன்பட்டவன் இல்லை. அதைத்தான் பேசப்போகிறேன்.

முறைக்காதே, முழுதாகப் படி. "எங்களைத் தூக்கிவிட்ட வள்ளல்" என்று பேச நம் சமூகத்து ஆட்களில் நூறு பேர் வருவார்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால் அவர்களை மேடையிலிருந்து இறக்கிவிட்டிருப்பார். தூக்கிவிடுவது என்ற பேச்சே அவருக்கு ஆகாது. "கதவைத் திறந்து வைப்பேன். உள்ளே நடந்து வர்றது உன் காலு" என்பார். பழைய காலத்து ஆள். விடியும் முன் எழாதவனுக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்று சட்டசபையிலேயே பேசியவர். இட ஒதுக்கீடு, மானியம் என்று யார் வாயெடுத்தாலும் முகம் சுளிப்பார். அப்படிப்பட்டவர்தான் நமக்கு வேலை கிடைக்க வழி செய்தார். நம் பக்கத்து வீரர்கள் ஊர்வலம் போனார்கள். அவர் டெண்டர் விதியைத் திருத்தினார்.

நான் சொல்லப்போவது இவ்வளவுதான். அவர் பதவிக்கு வருவதற்கு முன்னால் அரசுக் கட்டடங்களின் லிஃப்ட் பராமரிப்பு மொத்தமும் ஒரே டெண்டர். பத்து வருட அனுபவம் வேண்டும், நூறு லிஃப்ட் கையில் இருக்க வேண்டும். நம் ஆட்களில் எவனிடம் இருக்கும்? அவர் அதைக் கட்டடம் கட்டடமாக உடைத்தார். விண்ணப்பத்தில் பெயரைப் பார்த்ததுமே ஓரத்தில் ஒதுக்குகிறார்கள் என்று தெரிந்ததும், பெயர் மேல் காகிதம் ஒட்டி எண் போடச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரி டெண்டரில் கடைசியில் இரண்டு எண்கள் மிஞ்சின. பிரித்துப் பார்த்தால் இரண்டுமே நம் ஆட்கள். ஒன்று நான். இன்னொன்று இருபது வருடமாகப் பட்டறை வைத்திருந்த நம் நாலு அண்ணன். "காகிதத்துல எழுதினது போதும். ஆளுக்கு ஒரு லிஃப்ட் கொடுங்க, மூணு மாசம் ஓட்டட்டும்" என்றார் பெரியவர். ஒரே கம்பெனி லிஃப்ட்கள், ஒரே வயது, ஆஸ்பத்திரியின் கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று. சீட்டுக் குலுக்கி எனக்குக் கிழக்கு வந்தது. மூன்று மாதத்தில் என் லிஃப்ட் நின்றது பூஜ்ஜியம் தடவை, அவருடையது நாலு. ஒப்பந்தம் எனக்கு.

இவ்வளவுதான் என் பேச்சு. யாரும் எனக்குப் பிச்சை போடவில்லை, அவர் போடவும் மாட்டார், அதனால்தான் அவர் பெரியவர். உட்கார்ந்துவிடுவேன். தேதிகள் சரியா என்று உன் அலுவலகத்தில் பார்த்துச் சொல்.

கூட்டம் நல்லபடியாக நடந்தால் புதுத் தலைவர் அந்தச் சிறு டெண்டர் திட்டத்தைத் தொடர்வார், உன்னையே அதற்குப் பொறுப்பாகப் போடுவார் என்று எழுதியிருந்தாய். நடக்கட்டும். பதினொரு வருடம் அவர் அலுவலகத்தில் நீ தேய்ந்ததற்கு அது நியாயம்.

இங்கே செய்தி ஒன்றுமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, வாய்க்கு வலி இல்லை. நாலு அண்ணன் நன்றாக இருக்கிறார். பட்டறையை மூடிவிட்டு என்னிடம் வந்து ஆறு வருடமாகிறது. அந்த நாலு தடவைக்காக நான் வைத்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டெலிவரிக்காரன்கூட "நாலண்ணன் இருக்காரா" என்றுதான் கேட்கிறான். நேற்று ஒரு பல் டாக்டர் கட்டடத்துக்கு அனுப்பினேன். "அண்ணே, இதையாவது நிக்காம ஓட்டுங்க" என்றேன். "நிக்கிற லிஃப்ட்டுதான்டா நமக்குச் சோறு போடுது, முட்டாப்பயலே" என்றார். அவரோடு மல்லுக்கட்ட முடியாது.

அத்தானையும் குட்டியையும் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


மார்ச் 9, ஞாயிறு

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்தபோது கரண்ட் பில் என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டேன். குட்டிதான் "மாமா எழுத்து மாதிரி இருக்கும்மா, கோழி கிளறின மாதிரி" என்று எடுத்து வந்தாள். மூன்று முறை படித்தேன். இரண்டாம் முறை அழுதேன். உனக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

பெரியவர் இல்லாத அலுவலகம் எப்படி இருக்கிறது தெரியுமா? அவர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை, ஆனால் எல்லோரும் அதன் மேல் கோப்புகளை வைக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் அந்தக் கறுப்புக் கோட்டைக் கழற்றாத மனுஷன். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் பெயரைக் கேட்டார். பாதியாகச் சுருக்கிச் சொன்னேன், அங்கே எல்லோருக்கும் வாயில் நுழைகிற மாதிரி. "முழுசாச் சொல்லும்மா. எங்க ஆளுங்க நாக்கு ஒண்ணும் உடைஞ்சு போயிடாது" என்றார். அன்றிலிருந்து அவர் ஒருவர்தான் அந்தக் கட்டடத்தில் என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்.

நம் சங்கத் தலைவர்கள் மாலையோடு மானியம் கேட்டு வந்தது நினைவிருக்கிறதா? "தானம் வேணும்னா அடுத்த வாசல். வேலை வேணும்னா உக்காருங்க" என்றார். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். வெளியே போய், "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்" என்று பேசினார்கள். உள்ளே அவர் கட்சிக்காரர்களோ, "ஐயாவுக்கு அந்தப் பக்கம் எத்தனை மாமனாருங்க?" என்று அவர் காதில் விழும்படியே சிரித்தார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கிய மத்தளம் அவர். கடைசி மாதத்தில், படுக்கையில், "எத்தனை பட்டறைம்மா இப்போ டெண்டர் எடுத்திருக்கு?" என்று கேட்டார். முப்பத்தெட்டு என்றேன். "நாப்பது ஆக்கிடணும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டேதான் சொன்னார்.

உன் பேச்சு நன்றாக இருக்கிறது. கொஞ்சம் சிரித்த முகமாகப் பேசு. மின்சார வாரியத்துக்குப் புகார் கொடுப்பது போல நிற்காதே. உனக்கு வெள்ளைச் சட்டை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு திருத்தம். அந்த மூன்று மாதப் போட்டியை மட்டும் ஒரு வரியில் தாண்டிப் போய்விடு. அப்போது ஆஸ்பத்திரி இன்ஜினியராக இருந்தவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். நீ பூஜ்ஜியம், நாலு என்று அடுக்கிக்கொண்டிருக்கும்போது அவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரித்து வைத்தால் நன்றாக இருக்காது. அந்தச் சமயத்தில் யார் யார் என்னென்ன பாடுபட்டார்கள் என்பதெல்லாம் உனக்குத் தெரியாதே, தெரியவும் வேண்டாம். பெரியவர் உன் மேல் வைத்திருந்த பிரியத்தைச் சொல், போதும். அதைக் கேட்கத்தான் எல்லோரும் வருகிறார்கள்.

அழைப்பிதழ் 26-ம் தேதி அச்சுக்குப் போகிறது. உன் பெயருக்குக் கீழே "திறந்த போட்டியில் வென்ற முதல் இளைஞர்" என்று போடலாமா என்று கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

அம்மாவை மாடி ஏற விடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 13, வியாழன்

அக்கா,

சட்டை வேண்டாம். கேள்விக்குப் பதில் வேண்டும்.

ஆஸ்பத்திரி இன்ஜினியர் ஏன் சிரிக்க வேண்டும்?

நீ "தெரியவும் வேண்டாம்" என்று எழுதினால் நான் விட்டுவிடுவேன் என்று நினைத்தாயா? சின்ன வயதில் உன் ரேடியோவைப் பிரித்துப் போட்டவன் நான். ஒரு மெஷின் மேல் "திறக்காதே" என்று எழுதியிருந்தால் முதலில் அதைத்தான் திறப்பேன்.

அந்தப் பழைய லிஃப்ட்கள் இரண்டையும் ஐந்து வருடம் முன்பே மாற்றியாகிவிட்டது. போய்ப் பார்க்க ஒன்றுமில்லை. அதனால் மதியம் சாப்பிடும்போது நாலு அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணே, அந்த நாலு தடவையும் எதுல நின்னுச்சு?"

"இத்தனை வருஷம் ஓட்டினது பத்தாதாடா உனக்கு?"

"ஓட்டலைண்ணே. நெசமாத்தான் கேக்குறேன்."

"நாலும் கதவுப் பூட்டு. சலவைத் துணி வண்டி எல்லாம் அந்த லிஃப்ட்டுலதான் போகும். சொட்டச் சொட்ட ஈரம். காலையில தொடச்சு வச்சா சாயங்காலம் செம்பெல்லாம் பச்சை பூத்துக் கெடக்கும்."

"என் லிஃப்ட்டுல?"

"டாக்டருங்க போவாங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். வானம் மேலே இருக்கிறது என்பது போலச் சொன்னார்.

கதவு சரியாகப் பூட்டியது என்று தகவல் போகாமல் லிஃப்ட் நகராது. பூட்டில் ஈரம் ஏறினால் தகவல் போகாது. இது முதல் வருடப் பாடம். நான் அவரிடம் இதை ஒருநாளும் கேட்டதில்லை. நல்ல மனுஷன், ஆனால் துடைக்கச் சோம்பேறி, அதனால்தான் தோற்றார் என்று நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். ஜெயித்தவன் எதற்குக் கேட்பான்?

ஒரே மாதிரி லிஃப்ட் என்று சொன்னது உன் அலுவலகம். சீட்டுக் குலுக்கியதாகச் சொன்னது நீ. போனில் சொன்னாய், "உனக்குக் கிழக்கு விழுந்திருக்குடா, நல்ல திசை" என்று. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

யார் குலுக்கினார்கள்? எங்கே வைத்து? நீ பார்த்தாயா?

அழைப்பிதழில் எதுவும் போடாதே.

தம்பி


மார்ச் 18, செவ்வாய்

தம்பி,

மூன்று நாளாக எழுதிக் கிழித்துப் போட்டேன். அத்தான் "உண்மையை எழுது, இல்லாவிட்டால் அவன் கிளம்பி வந்துவிடுவான்" என்கிறார். அவருக்கும் இத்தனை வருடம் தெரியாது. முந்தாநாள்தான் சொன்னேன். அதிலிருந்து சாப்பாட்டைத் தானே போட்டுக்கொள்கிறார்.

சீட்டுக் குலுக்கவில்லை.

எப்படி நடந்ததோ அப்படியே எழுதுகிறேன், கூட்டாமல் குறைக்காமல். பெயர் காகிதங்களைப் பிரித்த அன்று சாயங்காலம். அறையில் நானும் அவரும்தான். நீங்கள் இரண்டு பேரும் நேர்காணலுக்கு வந்துவிட்டுப் போயிருந்தீர்கள். பெரியவர் ஜன்னலை இழுத்துச் சாத்தினார். அப்புறம் சொன்னார்: "அந்தப் பெரிய ஆளு, பட்டறைக்காரரு, நல்ல வேலைக்காரரும்மா. கையைப் பார்த்தாலே தெரியுது. ஆனா எங்க ஆளுங்க முன்னாடி கொண்டுபோய் நிறுத்தினா, அவர் வாயைத் திறக்குறதுக்குள்ள முடிவு பண்ணிடுவாங்க. உன் தம்பி கோட்டுப் போட்டு நின்னா எங்க வீட்டுப் பையன் மாதிரி இருப்பான்."

முதல் ஒப்பந்தம் தோற்றால் திட்டத்தையே மூடிவிடக் கட்சியில் பாதிப் பேர் காத்திருந்தார்கள். அவர் பதவியும் சேர்ந்து போயிருக்கும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"உன் தம்பி ஜெயிப்பானா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க ஐயா" என்றேன்.

எழுந்தார். கதவுப் பக்கம் போனவர் நின்று, "கிழக்குல இருக்கறதுக்குப் போன மாசம்தானே புதுக் கயிறும் கதவும் மாத்தினாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எது யாருக்குன்னு நீயே எழுதி அனுப்பிடும்மா" என்றார். போய்விட்டார். அவ்வளவுதான் அவர் பேசியது. நான் எழுதினேன். மறுநாள் ஆஸ்பத்திரி இன்ஜினியர் போன் செய்து, "யாரும்மா இந்தப் புத்திசாலி, சலவைத் துணியை ஒருத்தன் தலையில கட்டினது?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு அவரும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நீ கோட்டுப் போட்டு மேடையில் நின்று, அவர் உன் தோளில் கை வைத்த படம் பத்திரிகையில் வந்த அன்று, அதை மேஜையில் வைத்துவிட்டு, "நல்லா இருக்கான்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். ஆனால் இதையும் நினைத்துப் பார். உன் படத்தைப் பார்த்துத்தான் மற்ற முப்பத்தேழு பேரும் துணிந்து வந்தார்கள். அவர்களுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை, நேராகப் போட்டி போட்டு வந்தார்கள். அத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது. ஒரு தடவை ஒரு லிஃப்ட்டை மாற்றிக் கொடுத்ததற்கு இவ்வளவு கிடைத்ததென்றால், இன்னொரு தடவை அந்த அறையில் இருந்தாலும் நான் அதையேதான் எழுதுவேன். உன்னிடம் பொய் சொன்னதற்கு மட்டும் என்னை மன்னித்துக்கொள்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன், 30-ம் தேதி முடியும்வரை நாலு அண்ணனிடம் சொல்லாதே. புதுத் தலைவருடைய ஆட்களுக்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதும். "பாத்தீங்களா, அவங்களால சொந்தமா முடியாது, கிழவன் ஏமாத்தித்தான் உள்ளே விட்டிருக்கான்" என்று எல்லாவற்றையும் இழுத்து மூடிவிடுவார்கள். நாற்பது ஆகாமலே போய்விடும். என்னைத் திட்டு. நேரில் வந்து திட்டு. முப்பதுக்குப் பிறகு திட்டு.

உனக்காகக் குட்டி தன் அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். கட்டில் பக்கத்தில் ஒரு மேஜை விளக்குகூட வைத்திருக்கிறாள், மாமா படுத்துக்கொண்டே படிப்பார் என்று.

அக்கா


மார்ச் 23, ஞாயிறு

அக்கா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே நாலு அண்ணனிடம் சொல்லிவிட்டேன். முப்பதுவரை பொறுக்கச் சொன்னாய். நீ ஏழு வருடம் பொறுத்தாய், உனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. எனக்கு ஒரு ராத்திரிகூட முடியாது.

அவர் கதவு உருளைகளுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் மோட்டார் ஓடியது. "அதை நிறுத்துடா, காது கேக்கல" என்றார். நிறுத்தினேன். முழுதும் சொன்னேன். கோட்டு, புதுக் கயிறு, சலவைத் துணி, "எங்க வீட்டுப் பையன்" எல்லாம். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்து முடித்த கையை மறுபடியும் துடைத்தார்.

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"அவதான் எழுதினா."

"ம்."

கைகழுவும் இடத்துக்குப் போனார். சோப்புப் போட்டார். அங்கிருந்தே, முதுகைக் காட்டியபடி பேசினார்.

"என் பொண்டாட்டி அன்னைக்கே சொன்னா, இதுல ஏதோ சூது இருக்குன்னு. நான் விடலை. அந்த மனுஷன் அப்படிப்பட்டவர் இல்லடி, நான் தோத்துட்டேன், அவ்வளவுதான்னு சொன்னேன். அவ நம்பலை. இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை நாள் சண்டை தெரியுமா? பட்டறையை மூடின அன்னைக்கு அவ மூணு நாள் பேசலை. கட்சி வேற, ஆளு வேறன்னு நான் அந்தாளுக்கு ஓட்டுப் போட்டேன்டா. ரெண்டு தடவை. வீட்டுல யாருக்கும் தெரியாது."

"மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன். "நீ எதுக்கு?" என்றார். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்து, "ஆமா, நாலுன்னு பேர் வச்சதுக்குக் கேட்டுக்க" என்றார். கேட்டேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவிடமும் சொன்னேன். "உனக்காகத்தானேடா செஞ்சா" என்றாள். அடுக்களைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, "உன்னால முடியாதுன்னு நெனச்சுட்டாளா?" என்றாள்.

நீ கேட்டபடியே நினைத்துப் பார்த்தேன். முப்பத்தேழு பட்டறைகள், அடுப்பு, எல்லாம். அதில் பொய் இல்லை. பெரியவர் டெண்டரை உடைத்தது உண்மை, பத்து வருட விதியைத் தூக்கியது உண்மை. கட்சிக்காரன் சிரித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததும் உண்மை. அந்த ஆளை என்னால் வெறுக்கவும் முடியவில்லை, அதுதான் எரிச்சல். ஆனால் பெயரை மறைக்கச் சொன்னவர், காகிதத்தைப் பிரித்ததும் முகத்தைப் பார்த்தார். எவனையும் தூக்கிவிடக் கூடாது என்று ஊருக்கே சொன்னவர், அதை மூன்று மாதம் நம்பிப் பார்க்கத் துணியவில்லை. அந்த முப்பத்தேழு பேரும் நேராக வந்தவர்கள் என்கிறாய். சரி. அப்படியானால் அந்தப் பட்டியலில் நேராக வராதவன் நான் ஒருவன்தான். என் படத்தைத்தான் எல்லாச் சுவரிலும் ஒட்டினீர்கள்.

ஏழு வருடமாக நான் என்ன பேசியிருக்கிறேன் தெரியுமா? மானியம் கேட்டுப் போகும் நம் பையன்களைப் பார்த்து, "கையேந்தாதீங்கடா, என்னைப் பாருங்க" என்று பேசியிருக்கிறேன். ஒருவன் அழுதே விட்டான். நான் எதில் நின்றுகொண்டு அப்படிப் பேசினேன் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் நீ பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டினாய்.

கடைசியாக ஒரு செய்தி. நேற்று சனிக்கிழமை நாலு அண்ணன் வரமாட்டார் என்று நினைத்தேன். நான் பட்டறையைத் திறப்பதற்கு முன்பே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேலை உடுப்பில் இல்லை, இஸ்திரி போட்ட சட்டையில்.

"அந்த அஞ்சு நிமிஷம் இன்னும் இருக்கா?" என்றார்.

"இருக்குண்ணே."

"எனக்குக் கொடு."

"என்ன பேசப்போறீங்க?"

"உன் பேச்சைத் திருத்த உனக்கு அக்கா இருக்கா. என் பேச்சைத் திருத்த எவனும் கிடையாது. போ, கதவைத் திற, வேலை கெடக்கு" என்றார்.

இனி நான் செய்யப்போவது:

1. 30-ம் தேதி வருவேன். மேடை ஏற மாட்டேன். கூட்டத்தோடு கூட்டமாக உட்காருவேன்.

2. என் ஐந்து நிமிடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டேன். அவருடைய முழுப் பெயரை இத்துடன் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அழைப்பிதழில் அதைச் சுருக்காமல் போடு. அவர் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது. வாழ்த்தலாம், காறித் துப்பலாம், இரண்டும் செய்யலாம். நீ தடுத்தால், மைக் இல்லாமல் வாசலில் நின்று நான் பேசுவேன். அது உனக்கு இதைவிட மோசமாக இருக்கும்.

3. நாளை அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவியிடம், "நீங்க சொன்னதுதான் சரி" என்று சொல்லப்போகிறேன். அந்த அம்மா என்னை உள்ளே விட்டால்.

4. ஜூனில் ஆஸ்பத்திரி ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க விண்ணப்பம் போட மாட்டேன். யார் வேண்டுமானாலும் வரட்டும், மறுபடியும் மூன்று மாதம் ஓட்டட்டும். எல்லோரும் எடுத்தது போக மிஞ்சிய லிஃப்ட் எதுவோ அதைப் போட்டியில் எனக்குக் கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு இன்றே எழுதிவிட்டேன். சலவைப் பக்கமாக இருந்தால் நல்லது.

5. உன் வீட்டில் தங்க மாட்டேன். பஸ் நிலையத்துக்கு எதிரில் அறை எடுத்திருக்கிறேன். குட்டியிடம் மாமாவுக்கு வேலை என்று சொல். அவளிடம் பொய் சொல்வது உனக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. ஆனால் அவள் சின்னவள்.

6. கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு உன்னிடம் ஒரு கேள்வி கேட்பேன். லிஃப்ட்டைப் பற்றி இல்லை, அவரைப் பற்றியும் இல்லை. உன் தம்பி ஜெயிப்பானா என்று அவர் கேட்டபோது, ஜெயிப்பான் என்று சொல்ல உனக்கு ஏன் வாய் வரவில்லை? இதற்குப் பதில் எழுதாதே. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்க வேண்டும்.

தம்பி